கொப்பி உறையில் கிடைத்த முதலாம் ஆண்டு

“உறை நன்று. எழுத்து நேராக வரவேண்டும்.” சிவப்பு மையில் ஒரு கையொப்பம், கீழே திகதி, எண்பத்தேழு ஒக்ரோபர் இரண்டாவது சனி. என் மகளின் தமிழ் வகுப்புக் கொப்பியில் ஆசிரியை எழுதியது. எங்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றில் இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அணி வால்தம்ஸ்டோவில் ஒரு சிறிய விளையாட்டு மண்டபத்தில் தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. பார்ப்பவர்களுக்கு உட்கார மர வாங்குதான். ரசிகனான நான் ரிக்கற் துண்டுகள், ஆட்டப் புரோகிராம்கள், சட்டையில் குத்தும் எனாமல் பட்ஜுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாகச் சேர்த்து வைத்தேன். தொண்ணூற்றைந்தில் அணி பெரிய அரங்கத்துக்குப் போனபோது, வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, மேலே தொடக்க ஆண்டைப் பொறிக்க முடிவாயிற்று. எந்த ஆண்டு?

எண்பத்தெட்டு என்றார் என்னைப்போலவே சேகரிப்பவரான, சட்டன் பகுதியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தபால்காரர். அவரிடம் இருந்த மிகப் பழைய புரோகிராம் அந்த ஆண்டுடையது. நான் எண்பத்தேழு என்றேன். அந்த ஆண்டு நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்து ஜன்னலில் முதல் உள்ளூர் ஆட்டத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அன்று எனக்கு மாலை ஷிப்ட். ஆட்டத்துக்குப் போக ஏலவில்லை. மறுநாள் சுவரொட்டியை உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு அதைக் காணவில்லை.

“ஞாபகம் சான்று ஆகாது, நண்பரே,” என்றார் தபால்காரர். “அடுத்த சனிக்கிழமை பொறிக்கிறவர் வருகிறார். தாளைக் காட்டுங்கள்.”

வியாழக்கிழமை பரணில் இருந்ததெல்லாம் இறக்கிக் கொட்டினேன். மனைவி வந்து பார்த்தார்.

“என்னத்தைத் தேடுறியள்?”

“பெற்றோல் ஸ்டேசனில இருந்து கொண்டந்த போஸ்டர். மஞ்சள் நிறம், பந்துப் படம் போட்டது.”

“அதுவே? நல்ல தடிச்ச தாள் எண்டு பிள்ளையின்ர கொப்பிக்கு உறை போட்டிட்டன்.”

“எட்டு வருசமாத் தேடுறன், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“‘என்ர பேப்பரைக் கண்டனீரே?’ எண்டுதானே ஒவ்வொரு முறையும் கேட்டனீங்கள். வீடு முழுக்க உங்கட பேப்பர்தான். நான் எதெண்டு கண்டன்?”

பிள்ளையின் கொப்பிகளை எல்லாம் அவர் ஒரு சூட்கேஸில் கட்டி வைத்திருந்தார். அதில் முதலாவது கொப்பி. வெள்ளைப் பின்பக்கம் வெளியே, அச்சிட்ட பக்கம் உள்ளே. வெயில் படாததால் மஞ்சள் அப்படியே இருந்தது. அணியின் பெயர், மண்டபம், “முதல் உள்ளூர் ஆட்டம், சனி மாலை ஏழு மணி” எல்லாம் இருந்தன. திகதி மட்டும் இல்லை. திகதி போடாமல் சுவரொட்டி அடித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்த ஆசிரியை பரீட்சைக்குப்போல உறைக்கும் புள்ளி போடுபவர். ஒரே உறையைக் கழற்றி வேறு கொப்பிக்கு மாட்டிக் காட்டாதபடி, உள்மடிப்பில் பாதி உறையிலும் பாதி கொப்பி அட்டையிலும் விழுமாறு ஒப்பமிட்டுத் திகதி போடுவார். எண்பத்தேழு ஒக்ரோபர் என்ற சிவப்பு மை சுவரொட்டித் தாளின் மேலேயே ஓடியிருந்தது.

சனிக்கிழமை கொப்பியை மேசையில் வைத்தேன். தபால்காரர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கிறது?”

மொழிபெயர்த்தேன்.

“கண்டிப்பான பெண்மணி,” என்றார். “வாழ்நாள் முழுக்கக் கடிதங்களில் தபால் திகதி முத்திரை பார்த்தவன் நான். இதை மறுக்க ஏலாது.” எழுந்து கைகொடுத்தார். பொறிக்க வந்தவரிடம் அவரே “எண்பத்தேழு” என்று உரக்கச் சொன்னார். நான் அரங்கத்தை இரண்டு தடவை சுற்றி நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பெட்டிக்குள் கொப்பி விரித்தபடி இருக்கிறது. அருகிலுள்ள அட்டையில் “முதல் ஆட்டம் நடந்தது” என்று எழுத இருந்தார்கள். “அறிவிக்கப்பட்டது” என்று மாற்றச் சொன்னேன். அந்த மாலை மண்டபக் கூரை ஒழுகி ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்று ஆட்டம் நடந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.