எல்லையில் உட்கார்ந்த சிரில்

கேரி தீவில் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். "டேங்கிகிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, ஆயாக்கொட்டாய தாண்டி நேரா போ லா" என்பார்கள். தண்ணீர் டேங்கியைப் பிரித்துப் பல வருடமாயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த ஆயாக்கொட்டாய் இப்போது செம்பனைத் தோப்பு. தீவுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையே அல்ல. இல்லாத டேங்கியில் திரும்பி, இல்லாத கொட்டாயைத் தாண்டி, சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அந்த வட்டாரத்தில் இன்னும் இடிக்கப்படாமல் இருந்த ஒரே அடையாளம் சிரில்தான்.

மில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக்கு முன்னால் இருந்த முச்சந்தியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலையும் மாலையும் உட்கார்ந்திருப்பார். தவமெல்லாம் இல்லை. வீட்டுக்குள் போன் லைன் கிடைக்காது; பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மகள் வலேரியோடு பேச அங்கேதான் வரவேண்டும். முன்பிருந்த பங்குச் சாமியார், சூசையப்பர் சிற்றாலயத்துக் குடும்பங்களை இரண்டு அன்பியங்களாகப் பிரிக்க வந்தபோது, கோட்டை எங்கே கிழிப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை நகராமல் இருந்தது சிரில் மட்டும்தான். "சிரிலுக்கு அந்தப் பக்கம் ஆரோக்கிய மாதா, இந்தப் பக்கம் அந்தோணியார்" என்று சொல்லிவிட்டு, நண்டு வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பிப் போனார்.

சிரிலுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மனைவி குளோரியா இறந்த பிறகுதான் வினை விளங்கியது. அன்பியம் என்றால், ஒரு வட்டாரத்துக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிப்பது. அடக்கத்துக்குத் தீவே திரண்டு வந்தது. அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. அந்தோணியார் அன்பியம் பக்கத்து வீடு வரைக்கும் வந்து திரும்பிவிடும். மாதா அன்பியம் எதிர் வீட்டில் தொடங்கி அப்பால் போய்விடும். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. அடுத்தவர் முறையை நாம் பறிக்கக் கூடாது என்ற மரியாதை. மரியாதையால் ஒரு மனிதரை எவ்வளவு தனியாக விடலாம் என்பதைச் சிரிலிடம்தான் கேட்கவேண்டும்.

முதலாம் ஆண்டு நினைவு நெருங்கியது. குளோரியாவின் படத்துக்கு முன்னால், வீடு நிறைய ஆட்களோடு ஒரு ஜெபமாலை. சிரில் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்தோணியார் அன்பியத் தலைவர் ஷானிடம் போனார். "அங்கிள், நீங்க மாதா பக்கம் இல்ல?" என்றார் ஷான். மாதா அன்பியத் தலைவி சாந்தமேரியிடம் போனார். "அண்ணே, நீங்க அந்தோணியார் ஆளுன்னு நெனச்சேனே!" என்று நெஞ்சில் கைவைத்தார் அவர்.

சரி, நாமே மாறிக்கொள்வோம் என்று சிரில் நாற்காலியைத் தூக்கி மாதா பக்கம் போட்டார். மறுநாளே அந்தப் பக்கம் குடியிருக்கும் வீரம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். நாற்காலி அவர் வீட்டைத் தாண்டிவிட்டதால் அந்த வீடு அந்தோணியார் அன்பியத்தில் சேர்ந்துவிட்டதாம்.

"வீரம்மா, நீ மாரியம்மன் கோயில் ஆளாச்சே?"

"ஆமா, தீச்சட்டி எடுக்கிறவதான். ஆனா மாதா பக்கத்து ஆளு. என்னைக் கேக்காம எப்படிண்ணே பக்கம் மாத்துவீங்க?"

நியாயம்தானே. சிரில் நாற்காலியை மறுபக்கம் நகர்த்தினார். அங்கே வேறு இரண்டு குடும்பங்கள் சண்டைக்கு வந்தன. அவர் எங்கே போனாலும் எல்லையும் கூடவே போனது.

புதிய சாமியார் ஃபாதர் ஜோனத்தன் கூட்டம் கூட்டினார். சிரிலை ஒரு பக்கம் சேர்த்துவிட்டால் எல்லைக்கு யார் உட்காருவது என்று கேட்டார்கள். ஒருவரும் கைதூக்கவில்லை. இரும்புக் கம்பம் நடலாம் என்றார் ஷான். கம்பத்தைப் பழைய இரும்புக்காரன் பிடுங்கிக்கொண்டு போவான், சிரில் அண்ணனை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார் சாந்தமேரி. கூட்டம் கைதட்டிக் கலைந்தது. சிரில் வீட்டுக்கு வந்து குளோரியாவின் படத்தைத் துடைத்துவிட்டு அழுதார்.

நினைவு நாளும் சூசையப்பர் திருநாளும் ஒரே நாளில் விழுந்தன. திருநாளில் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து அந்தோணியார் அன்பியம் சிரில் வரைக்கும் சுமந்துவரும். அங்கே மாதா அன்பியம் தோள் மாற்றிக்கொள்ளும். அன்றும் பாண்டு வாத்தியத்தோடு சப்பரம் வந்தது. சாந்தமேரியின் ஆட்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். சிரில் எழுந்தார். நேரே போய்ச் சப்பரத்தின் முன்கட்டைக்குத் தோள் கொடுத்து நடக்கத் தொடங்கினார்.

"மாத்துங்க ஷான்! எங்க முறை!" என்று கத்தினார் சாந்தமேரி.

"எல்லை இன்னும் வரல லா அக்கா!" என்றார் ஷான், வேர்த்து விறுவிறுத்து. "எங்ககூடதான் நடந்துக்கிட்டு இருக்கு!"

மாதா அன்பியத்தார் வெறுந்தோளோடு பக்கத்தில் ஓடிவந்தார்கள். சப்பரம் முச்சந்தியைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் கேட்டுக்குள் திரும்பியது.

"அங்கிள், எங்க போறீங்க?" என்றார் ஃபாதர் ஜோனத்தன்.

"வீட்டுக்கு, ஃபாதர்."

வராந்தாவில் சப்பரத்தை இறக்கச் செய்துவிட்டு, சிரில் கூடத்துக்குள் போய்க் குளோரியாவின் படத்தடியில் உட்கார்ந்துகொண்டார். "இதான் எல்லை. உள்ள வந்து மாத்திக்குங்க."

கொடுப்பவர்கள் உள்ளே வந்தார்கள். வாங்குபவர்களும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த வீரம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். படத்தின் முன்னால் ஒற்றை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு அவளுக்கு வருஷம்" என்றார் சிரில்.

ஷான் சாந்தமேரியைப் பார்த்தார். "நீங்க இங்க வந்துக்கிட்டு இருந்தீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சாந்தமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சட்டென்று முழந்தாளிட்டார்.

ஜெபமாலை தொடங்கியது. அந்தோணியார் பக்கம் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்ல, மாதா பக்கம் "புனித மரியே" என்று பதில் சொன்னது. கூடம் அதிர்ந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த சிரிலுக்கு எந்தப் பாதியைச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டையும் சொன்னார்.