நாலு பத்திரிகைக்கு ஒரே கதை

ஃபிர்தௌஸ் கதை எழுதுவாள் என்பது எங்கள் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் எல்லோருக்கும் தெரியும். அதைப் படித்தவர்கள்தான் யாரும் கிடையாது. எனக்கும் கதை படிக்கிற பொறுமையெல்லாம் இல்லை. ஆனால் எதிர் மேசைக்காரி, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் "பூர்ணி, இத கொஞ்சம் பாரேன்" என்று போனை நீட்டிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள்தான் தட்டிக் கழிப்பது? அப்படித்தான் நான் வாசகி ஆனேன். விரும்பி ஆகவில்லை.

நான் நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு வருகிறவள். ஷூவின் மேல்தோலைத் தைப்பது என் வேலை. தைத்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. சம்பளம் கொடுத்துக் குறை சொல்லச் சொல்கிறார்கள், கொடுத்து வைத்தவள். வெளியே வந்துவிட்டால் அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். மாமியாரைப் பற்றியாவது நாலு வார்த்தை திட்டினால்தானே சாப்பாடு இறங்கும்?

அவர்கள் வீட்டில் பேசுவது உருது. அவள் மட்டும் அரசுப் பள்ளியில் தமிழில் படித்ததால் எழுதுவது தமிழ். அவள் கணவர் தபரேஸ் அண்ணன் உருதுப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், பஸ் போர்டைப் படித்துவிடுவார், அதற்கு மேல் போகாது. ஆறு வருஷம் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிவிட்டு வந்து, இப்போது ஆம்பூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவூதியில் இருந்த வரை வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்வாராம். ஆறு வருஷமும் அந்த வழக்கம் தவறவில்லை.

அவள் எனக்குக் காட்டிய அந்தக் கதை இந்தப் போனைப் பற்றியதுதான். கதையில் ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். வெளிநாட்டிலிருந்து கணவன் கூப்பிடுகிறான். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார், பணம் வந்ததா என்று அவன் கேட்கப்போவதும், தான் சொல்லப்போவதும் அவளுக்கு மனப்பாடம். போன் அடிக்கிறது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அடித்து ஓய்கிறது. அவ்வளவுதான் கதை.

படித்து முடித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "இது நீதானே?" என்றேன்.

"நான்தான்" என்றாள். "ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. சிக்னல் இல்லன்னு அப்புறம் சொல்லிட்டேன்."

"கோபமா?"

"கோபம்லாம் இல்ல. அவர் மேல எனக்கு இன்னா கோபம்? அந்த வெயில்ல நமக்காகத்தான் கெடந்தாரு. எடுக்கத் தோணல. அதான் மனசுல முள்ளு மாதிரி நிக்குது. எழுதினதுக்கு அப்புறம் கொஞ்சம் தேவல."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்றாள். அந்தத் தைரியத்தில்தான் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அதுவரை அவள் எழுதிய எதுவும் அச்சில் வந்ததில்லை. ஒரு தடவையாவது தன் பெயரைத் தாளில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய ஆசை. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அனுப்பியது எப்படி என்பதுதான் விஷயம். எங்கள் சாம்பிள் ரூமில் ஒரு மாடல் செய்தால் அது ஆர்டர் கொடுக்கிற ஒரு பையருக்கு மட்டும் போகாது. இத்தாலிக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று என்று நாலைந்து இடத்துக்குப் பறக்கும். ஒருத்தர் பக்கிள் பெரிதாக வேண்டும் என்பார், ஒருத்தர் குதிகாலைக் குறை என்பார். அந்த கமெண்ட்டைப் பார்த்து அவரவருக்கு மாற்றிக் கொடுப்போம். ரெண்டு பேர் ஓகே சொன்னால் ரெண்டு ஆர்டர், முதலாளி ஸ்வீட் வாங்கித் தருவார். பத்தொன்பது வயதிலிருந்து ஃபிர்தௌஸ் பார்த்த உலகம் இது. அவள் கதையையும் அதே போல நாலு பத்திரிகைக்கு ஒரே நாளில் அனுப்பிவிட்டாள். வேறு எங்கும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததை அவளும் படித்தாள், நானும் படித்தேன். வெளிவரவில்லைதானே! எங்கள் ரெண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ரெண்டு பத்திரிகை பதிலே போடவில்லை. மற்ற ரெண்டும் ஒரே மாதத்தில் சரி என்றன.

ஒன்று சென்னைப் பத்திரிகை. பெரிய பெயர், வேலூர் ரயில்வே ஸ்டேஷன் கடையிலேயே தொங்கும். அந்த ஆசிரியர் நல்ல விதமாகவே எழுதியிருந்தார். கதை பிடித்திருக்கிறது, ஆனால் அவள் ஏன் எடுக்கவில்லை என்பது வாசகருக்குப் பிடிபடாது, காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைசியில் எடுத்துவிடட்டும் என்று. ஃபிர்தௌஸ் அதை கமெண்ட் என்றே எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே மாற்றி, கதையில் அந்தப் பெண்ணைப் போனை எடுக்க வைத்து அனுப்பிவிட்டாள், அவரும் போடுகிறோம் என்றார். இன்னொன்று வாலாஜாபேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோபி என்பவர் கைக்காசு போட்டு நடத்துகிற காலாண்டிதழ். அவர் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

ரெண்டு ஆர்டர்! மறுநாள் ஃபிர்தௌஸ் ஒரு கிலோ மக்கன்பேடா ஸ்வீட் வாங்கி வந்து சாம்பிள் ரூம் முழுக்கக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்க கோபி போன் செய்தார். மத்தியான நேரம். ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சோடு பேச்சாக, "சென்னையிலயும் இதே கதையைப் போடறாங்க சார், முடிவு மட்டும் வேற" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.



"அம்மா, அப்படிப் பண்ணக் கூடாதும்மா" என்றார் கோபி. கோபப்படவில்லை. "ஒரு இடத்துல இருந்து பதில் வந்த பிறகுதான் இன்னொரு இடம். ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுங்க. சென்னைன்னா நான் வருத்தப்பட மாட்டேன், அது பெரிய இடம். நாளைன்னிக்கு அச்சுக்குப் போவுது, அதுக்குள்ள சொல்லுங்க."

ஃபிர்தௌஸின் முகம் வெளுத்துவிட்டது. தெரியாமல் செய்த தப்பு என்றாலும், ஏமாற்றுக்காரி என்று நினைத்திருப்பாரோ என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இதுல யோசிக்க இன்னா இருக்கு?" என்றேன். "சென்னைக்கே குடு. ஊரெல்லாம் பாக்கும். அதுவுமில்லாம அதுல அவ போனை எடுத்துடறா. நாளைக்கு யாராவது அண்ணன்கிட்ட போய்ச் சொன்னாலும் பேஜார் இல்ல."

"அதான் பூர்ணி பேஜாரே" என்றாள். "அதுல அவ எடுத்துடறா. நான் எடுக்கல."

"கதைதானே!"

"கதைதான். ஆனா எடுத்துட்டதா எழுதினப்புறம் மறுபடியும் அந்த முள்ளு வந்துடுச்சு. சிக்னல் இல்லன்னு ஒரு தரம் பொய் சொன்னேன். இப்ப அச்சு போட்டு ரெண்டாவது தரம் சொல்லணுமா?"

 பைத்தியக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டீ இடைவேளையில் மாடிப்படியில் நின்று சென்னைக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்த ஆசிரியர், இவள் கதைக்காக வேறொருத்தர் கதையைத் தள்ளி வைத்ததாகவும், இனி அனுப்பும்போது யோசித்து அனுப்பும்படியும் சொன்னாராம். நியாயமான பேச்சுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபியைக் கூப்பிட்டாள். "சார், உங்களுக்குத்தான். முதல்ல அனுப்பினது அப்படியே போடுங்க."

இதழ் வந்தது. மெல்லிசுத் தாள், மங்கலான அச்சு. தன் பெயர் மேல் விரலை வைத்து அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்கு மட்டும் எனக்கு எந்தக் கிண்டலும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். தபரேஸ் அண்ணன் இருந்தார். நான் இருந்ததால் தமிழிலேயே பேசினார். "ஸ்டாண்டுல ஒரு வாத்தியார் ஏறினாரும்மா. உன் சம்சாரம் எழுதினது படிச்சேன், பிரமாதம்னாரு. எனக்கு இன்னா கதைன்னு சொல்லத் தெரியல, வெக்கமா போய்டுச்சு." பிறகு அவளைப் பார்த்து, "படிச்சுக் காட்டு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். எடுக்கிற மாதிரி மாற்றிப் படித்துவிடு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அந்த முடிவும் அவளுக்கு மனப்பாடம்தான், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவள் இதழைப் பிரித்து, அச்சில் இருந்ததை இருந்தபடியே படித்தாள். கடைசி வரியில் குரல் நடுங்கியது. 

அண்ணன் தலையைக் குனிந்தபடியே இருந்தார். "சிக்னல் இல்லன்னு சொன்னியே, அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவா?"

"ஆமா."

"அன்னிக்கு நான் ரெண்டாவது தரம் அடிக்கல. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"நீ எடுக்கலன்னதும் அப்பாடான்னு இருந்திச்சு. பேச ஒண்ணுமே இல்ல எங்கிட்ட. அப்புறம், பொண்டாட்டி எடுக்கலன்னா சந்தோஷப்படறோமே, இன்னா ஜென்மம்னு லாரியில உக்காந்து அழுதேன்."

ஃபிர்தௌஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தினி வருஷம் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீயாவது எழுதிட்ட" என்றார். "எனக்கு எழுத வராதே."

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உருதுவில் ஏதோ சொன்னாள். அவரும் மெதுவாக உருதுவில் பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதி எனக்குத் தேவையுமில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.