நாற்பது சுற்றும் நாற்பத்திரண்டு படியும்

"ஒரு நாளைக்கு எத்தனை சுற்று நடக்கிறீங்க?" என்று கேட்டார் மருத்துவமனையின் உடற்பயிற்சியாளர்.

"நாப்பது," என்றாள் சித்தி.

"எங்க?"

"மொட்டைமாடியில."

"மாடிக்கு எப்படிப் போவீங்க?"

"லிஃப்ட்ல."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நடக்கறதுக்கு லிஃப்ட்ல போறீங்களா?"

"படி ஏறினா மூச்சு வாங்குமேம்மா! நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு."

"வேற என்ன பயிற்சி?"

"வேற எதுக்கு? எட்டு மாசமா இதுதான். ஒண்ணும் ஆகலை. ஒழுங்கா ஓடிட்டிருக்கறத எதுக்கு நோண்டணும்?"

"ஒழுங்கா ஓடிட்டிருந்தா இங்க ஏன் வந்தீங்க?"

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு."

சொன்னேன். சித்தி இரும்புக் கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டுபவள். கூரைக்குச் சற்றுக் கீழே தொங்கும் கூண்டில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறாள். கீழே வேலை செய்பவர்கள் அவளை 'மேல்மாடி' என்பார்கள். அந்தக் கூண்டில் வைத்துத்தான் அவளுக்கு மாரடைப்பு வந்தது. கயிறு கட்டி இறக்கினார்கள். இப்போது அந்தக் கூண்டுக்குப் போகும் நாற்பத்திரண்டு படி ஏணியில் யார் உதவியும் இல்லாமல் ஏறிக் காட்டினால் பழைய வேலை. இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து லாரி எண் எழுத வேண்டும்.

ஒத்திகைக்காகப் போன வாரம் ஏறினாள். பதினைந்தாவது படியில் கைகள் நடுங்கத் தொடங்கின. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஏணியை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"சித்தி, இறங்கிடு!" என்று கத்தினேன்.

"கை விடமாட்டேங்குதுடி."

கிடங்கு ஆள் ஒருவர் பின்னால் ஏறி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார். தரையில் உட்கார்ந்ததும் கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடியை எண்ணினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பயிற்சியாளர் சொன்னார். "உங்க உடம்பு நாப்பது சுற்றை மனப்பாடம் பண்ணிருச்சு. அதுக்கு மேல அது எதையும் கத்துக்கலை. கைக்கும் தோளுக்கும் எட்டு மாசமா லீவு. ஒரே பக்கமா சுத்திச் சுத்தி இடுப்புல ஒரு பக்கம் வலிக்குமே?"

"அது எப்படித் தெரியும்?"

அவர் ஒரு தாளை நீட்டினார். ஒரு நாள் நடை, ஒரு நாள் மாடிப்படி, ஒரு நாள் ரப்பர் பட்டையை இழுப்பது, ஒரு நாள் ஓய்வு. "ஸ்டென்ட் வச்சவங்களுக்குன்னு இதய டாக்டர் பார்த்து ஒத்துக்கிட்டதுதான். வலி வந்தா உடனே நிறுத்தணும்."

பழகிய பயத்தோடு எட்டு மாதம் வாழ்ந்தவளுக்கு அன்றிலிருந்து தினமும் புதுப் பயம். மாடிப்படி ஏறிய முதல் நாளன்று இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது மூச்சு வாங்கறதா, இல்ல அதுவா?" மாரடைப்பு என்ற சொல்லை அவள் வாயால் சொல்வதே இல்லை. நான் முதுகுக்குப் பின்னால் கைபேசியில் ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. மூச்சு அடங்கியது. அன்று அதோடு திரும்பினோம்.

ரப்பர் பட்டையைச் சமையலறைக் கதவில் கட்டி இழுப்பாள். "கதவைப் பிடுங்கிட்டுத்தான் விடுவியா?" என்பார் சித்தப்பா.

"கதவு முடிஞ்சதும் உங்க காதுதான்."

மூன்று மாதம் போனது. இடுப்பு வலி எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியவில்லை. நான் திறக்க முடியாமல் வைத்த ஜாடி மூடியைப் பேசிக்கொண்டே திருகித் திறந்தாள். அன்றுதான் கிடங்குக்குப் போன் செய்து நாள் கேட்டாள். ஆனாலும் கழுத்துக்குப் போகும் அந்த இரண்டு விரல் மட்டும் நிற்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரி குறித்த நாளில் ஏணியடியில் நின்றோம். கையுறையை மாட்டியவள், என்னைத் தனியாக இழுத்தாள்.

"ஒண்ணு கேட்கறேன், செய்வியா? நான் ஏறும்போது பார்க்காதே. முதுகைக் காட்டிட்டு நில்லு. உன் முகத்தைப் பார்த்தா எனக்குப் படபடன்னு வருது. மேல போனதும் ஹாரன் அடிக்கிறேன். அதுவரைக்கும் திரும்பாதே."

முதுகைக் காட்டி நின்று ஏணிப்படிச் சத்தத்தை எண்ணினேன்; நாற்பத்திரண்டுக்குப் பிறகு மேலே ஹாரன் அடித்தது.