பதினோராம் கட்டிலுக்கு நல்ல நேரம்

தென்னூர்ப் பக்கம் இருந்த தர்ம ஆஸ்பத்திரியின் சிப்பந்திகள் பதிவேட்டில் அவளைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறது: "இருதயமேரி. வயது சுமார் நாற்பத்திரண்டு. பெண்கள் வார்டு ஆயா. எழுத்து வாசனை இல்லை. மூடநம்பிக்கை மிகுந்தவள். நாள், ராகு காலம், சூலம் என்று சொல்லிக் குணமடைந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்ப இடைஞ்சல் செய்தாள். நோயாளிகளின் நன்மையை முன்னிட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்."

இதில் பெயரும் எழுத்து வாசனை இல்லாததும் உண்மை. வயது உத்தேசம். மூடநம்பிக்கை என்றது அபாண்டம். பாலக்கரையில் ஞானஸ்நானம் பெற்ற இருதயமேரி, ஞாயிறு பூசை தவறாதவள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நிற்பாளே தவிரத் திரும்பிப் போகமாட்டாள். மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருஷம் சித்திரை மாதம் வரைக்கும் பஞ்சாங்கம் எந்தப் பக்கமிருந்து புரட்டுவது என்றே அவளுக்குத் தெரியாது.

அந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா வண்டியில் ஒரு கிழவியைக் கொண்டு வந்தார்கள். பெயர் குமுதவல்லி அம்மாள், வயது அறுபத்தெட்டு, பத்து வயதில் தாலியறுத்தவள். அன்றிலிருந்து பிறந்த வீட்டில் அடுப்பும் கிணறுமாகக் காலம் தள்ளியவள். இடது முன்கை முறிந்திருந்தது. கூட வந்தவர் அண்ணன் மகன் திருநாராயணன். பகலில் வக்கீல் குமாஸ்தா, சாயங்காலத்தில் உபன்யாசகர். பெரியோரைப் பேணுவது பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள் என்று பிரசித்தி.

"அத்தைக்குத் திருமேனி பாங்கில்லை, டாக்டர்வாள். காவேரியில தீர்த்தமாடறச்சே படி வழுக்கிடுத்து."

டாக்டர் அற்புதசாமி அதை அப்படியே எழுதிக்கொண்டார். சித்திரையில் காவேரியில் தண்ணீரைப் பார்க்க மணலில் ஒரு பர்லாங்கு நடக்க வேண்டும். படித்துறையின் படிகள் பட்டாணி வறுக்கிற சூட்டில் காய்ந்து கிடக்கும். டாக்டர் வாராவாரம் பாலத்தைத் தாண்டிப் போகிறவர், கண்ணும் நன்றாகத் தெரிகிறவர். ஆனாலும் சந்தன வாசனையோடு மேல்வேஷ்டி போட்ட ஒரு மனிதர் சொன்னால் வறண்ட படியும் வழுக்கித்தான் ஆகவேண்டும்.

திருநாராயணன் இன்னொன்றும் சொன்னார். "அத்தை ரொம்ப மடி. வேத்து மனுஷா யாரும் தொடப்படாது. ஆத்துலேர்ந்து வந்து எல்லாம் பண்ணிப்பா."

வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஞாயிறும் போயிற்று. திங்கள் காலை, கிழவி கிடந்த பதினோராம் கட்டில் பக்கம் நாற்றத்தில் நிற்க முடியவில்லை. இருதயமேரி வாளியோடு போய் நின்றாள்.

"கிட்ட வராதே. நீ எந்த ஊர், என்ன ஜாதி?"

"பாலக்கரைங்க. வேதக்காரங்க."

"என் மடி போயிடும்."

"அது சனிக்கிழமையே போயிடுச்சுங்கம்மா. மூணு நாளா படுக்கையிலேயே இருக்கீங்க. கழுவட்டுமா, வேணாமா?"

கிழவி சுவரைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் முளைத்திருந்த வெள்ளை முடியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "வெந்நீரா?" என்றாள்.

"வெந்நீர்தாங்க."

"அப்போ சரி."

மடி என்ற பெயரில் யாரும் பார்க்காமல் வைக்கப்பட்டிருந்ததை அன்று இருதயமேரி பார்த்தாள். முதுகில் நீலம், பச்சை, மஞ்சள் என்று புதுசும் பழசுமாகக் காயங்கள். இரண்டு கணுக்காலிலும் கிணற்றுக் கயிறு அறுத்த தடம், உள்பக்கம் சீழ் பிடித்திருந்தது. பதினாலு வருஷம் உடம்புகளைக் கழுவினவள் அவள். விழுந்தால் ஒரு பக்கம் அடிபடும், எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் விழ யாராலும் முடியாது என்பது அவளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். முன்கை முறிந்த விதமும் தெரியும். தலையில் விழ வந்ததைத் தடுக்கத் தூக்கிய கை அது.

"யாருங்க கட்டினாங்க?"

"யாரும் கட்டலை. நான்தான் விழுந்தேன். அவன் நான் தூக்கி வளர்த்த குழந்தை."

இருதயமேரி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கக் கேட்க வாய் இறுகும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் கிழவி தொடமாட்டாள். பாலுக்கும் பழத்துக்கும் தீட்டில்லை. ஆகவே பாலும் பழமும். வாழைப்பழம் கொடுத்தால் பாதியைத் தின்று மீதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்தாள். அதைப் பிடுங்கித் திட்டுவதுதான் வார்டு வழக்கம். இருதயமேரி இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தாள். "இது திங்க, இது ஒளிச்சு வைக்க." பித்தளைப் பாத்திரம் கீழே விழுந்தால் கிழவி நல்ல கையைத் தலைக்குமேல் தூக்குவாள். அதனால் அந்தப் பக்கம் தகர வட்டிலுக்குத் துணி சுற்றி வைத்தாள். கட்டிலுக்குத் தலைமாட்டிலிருந்து போகாமல் கால்மாட்டிலிருந்து, பேசிக்கொண்டே போனாள். இதற்கெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் பெயர் கிடையாது. பெட்பான் எடுப்பதற்கு மட்டும்தான் பெயர் இருந்தது.

புதன்கிழமை டாக்டரிடம் சொன்னாள்.

"நீ ஆயா. கட்டுப் போடறது நான், மருந்து கொடுக்கறது கம்பவுண்டர், சட்டி எடுக்கறது நீ," என்றார் அற்புதசாமி. "அவர் நம்ம ஆண்டு விழாவிலே பேசினவர். கேட்டியா அந்தப் பேச்சை?"

"கேட்டேங்க. அழுகையா வந்துச்சு. காலைப் பாருங்க, டாக்டர்."

"குடும்ப விஷயம். கை கூடிட்டு வருது. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்."

டாக்டரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. கொடியவராக இருந்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். நல்லவர், மூடப் பழக்கங்களைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர். ஒரு கணுக்காலைக் குனிந்து பார்க்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவது காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான். வெள்ளிக்கிழமை பத்தடிக்கவே திருநாராயணன் ஜட்காவோடு வந்துவிட்டார். இருதயமேரி கணுக்காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். சீழ் வந்த இடத்தைப் பதமாகத் துடைப்பதற்குள் மணி பத்தரை அடித்தது. திருநாராயணன் கடிகாரத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ராகு காலம் பொறந்துடுத்தே! இனிமே கிளம்பப்படாது," என்று போய்விட்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பின பிறகு கிழவி முதல்முறையாகத் தானாகப் பேசினாள். "அவன் கெட்ட நேரத்துல வாசப்படி தாண்டமாட்டான். ஆசாரம். என்னை அடிக்கறதுகூட எமகண்டம் கழிச்சுத்தான்."

பிறகு மீதியும் வந்தது. கொல்லைப்புறத்துக் கொட்டடி. ஒரு வேளைச் சோறு. பசி தாங்காமல் ஒருநாள் எதிர்வீட்டில் போய்க் கஞ்சி கேட்டுவிட்டாள்; உபன்யாசகர் வீட்டு மானம் போயிற்றாம். அன்றிலிருந்து பகலில் கயிறு. "என்னை அங்கே அனுப்பாதேடி. அனுப்பினா இந்தத் தடவை கையோட நிக்காது."

"வேற யாரும் இருக்காங்களா உங்களுக்கு?"

"ஓர்ப்படி பொண்ணு, கனகவல்லி. லால்குடி. ஒரு கார்டு போட்டா ஓடி வருவா. போட விட்டாத்தானே."

இருதயமேரி நேராக மருந்தறைக்குப் போனாள். கம்பவுண்டர் ஷேக் தாவூதிடம் இரண்டு வேலை இருந்தது. ஒன்று கார்டு எழுதுவது. இன்னொன்று பஞ்சாங்கம். அந்த ஊர் ஜனங்கள் முதல் வேளை மருந்தை ராகு காலத்தில் குடிக்கமாட்டார்கள். ஆகையால் ஐந்து வேளை தொழுகிற ஷேக் தாவூது, புட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பாம்புப் பஞ்சாங்கம் வைத்திருந்தார். யார் கேட்டாலும் ஐயரைப்போல் பார்த்துச் சொல்வார்.

"பாய், பத்து மணிக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல வடக்கே, சீரங்கத்துப் பக்கம், போகக்கூடாத நாளெல்லாம் படிங்க."

"மேரியக்கா, நீயுமா?"

"படிங்க பாய், சொல்றேன்."

அவள் சொன்ன கிழவியின் கதையைக் கேட்டுவிட்டு ஷேக் தாவூது தொப்பியைச் சரிசெய்துகொண்டு படித்தார். நாளைக்குச் சனி, அஷ்டமி. ஞாயிறு டாக்டர் வரமாட்டார். திங்கள் பத்தரைக்கு எமகண்டம். செவ்வாயில் நோயாளியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புதன் வடக்கே சூலம். வியாழன் கரிநாள். வெள்ளி மறுபடியும் ராகு. "அல்லாவே," என்றார் அவர், "இந்த வாரத்துல மனுசன் உசிரோட இருக்கறதே தப்பு போலிருக்கே!"

திருநாராயணனுக்கு இதெல்லாம் அவளைவிட நன்றாகத் தெரியும். அவருடைய ஆசாரத்தில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டதுதான் அவள் வேலை. திங்களன்று அவர் எமகண்டத்துக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று சரியாகப் பத்துக்கு வந்தார். ஷேக் தாவூதுக்கு அன்றைக்கென்று புட்டிக்குத் தக்கை கிடைக்கவில்லை. அரைமணி தேடினார். புதன்கிழமை திருநாராயணன், "பால் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா சூலத்துக்குப் பரிகாரம்," என்று ஒரு செம்போடு வந்தார்.

"உடம்பு சரியில்லாதவங்களுக்குமாங்க பரிகாரம்? வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா ஐயா மேலதானே பேச்சு வரும்?" என்றாள் இருதயமேரி, வாய்பொத்தி நின்று.

ஐயா பாலைத் தானே குடித்துவிட்டுப் போனார். ஊர்ப் பேச்சு என்றால் அவருக்கு எமகண்டத்தைவிடப் பயம்.

இதற்கிடையில் லால்குடிக் கார்டு திரும்பி வந்தது. கனகவல்லியின் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாம். ஷேக் தாவூது விழுப்புரத்துக்கு இன்னொரு கார்டு போட்டார். பதிலைக் காணோம்.

சனிக்கிழமை வந்தது. ஷேக் தாவூது ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "ஒண்ணுமில்லக்கா. பத்தரைக்கு மேல பௌர்ணமி, சித்தயோகம். ரொம்ப நல்ல நாள். எனக்கே எங்கேயாச்சும் பிரயாணம் போகலாமான்னு இருக்கு."

பத்தேமுக்காலுக்குத் திருநாராயணன் டாக்டரையும் கையோடு அழைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தார். கட்டிலைச் சுற்றிப் பார்வையாளர் கூட்டம். அவருக்குக் கூட்டத்தைக் கண்டால் குரல் தானாகக் குழையும்.

"அத்தை, ஏளணும், வண்டி காத்துண்டிருக்கு. ஆத்துல எல்லாரும் வழிமேல விழி வெச்சுண்டிருக்கா."

கையைப் பிடித்து எழுப்ப நீட்டினார். குமுதவல்லி அம்மாளின் நல்ல கை சடாரென்று தலைக்குமேல் போயிற்று. வார்டு பார்த்தது.

இருதயமேரி கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அம்மா, காலைக் காட்டட்டுங்களா?"

கிழவி கூட்டத்தைப் பார்த்தாள், மருமானைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதுக்கு அவள் இப்படி நாலு பேர் முன்னால் எதையும் செய்ததில்லை.

"நீ காட்டாதே. என் கால். நானே காட்டறேன்."

சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கினாள். கட்டை அவிழ்த்தாள். பன்னிரண்டாம் கட்டிலில் கிடந்த உறையூர் மாரியாயி, கறிகாய் விற்கிறவள், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி! மாட்டைக் கட்டுறவன்கூட இப்படி இறுக்கமாட்டானேய்யா!"

"அத்தைக்குச் சித்தம் சரியில்லை. வெளில ஓடிடுவா... அதனாலதான்..." திருநாராயணன் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். உபன்யாசகருக்கு நிறுத்தத் தெரியாது. "ஒரு நல்லதுக்குத்தான் கட்டினது."

"எந்த நல்லதுக்குய்யா?" என்றாள் மாரியாயி.

"நான் வரலை," என்றாள் குமுதவல்லி அம்மாள்.

டாக்டர் அற்புதசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணுக்காலை மட்டும் அப்போதும் பார்க்கவில்லை. "சீட்டு எழுதியாச்சு. கட்டில் காலியாகணும். அடுத்த கேஸ் காத்திருக்கு."

"காலி பண்ணிடறோங்க," என்றாள் இருதயமேரி.

கிழவியை அணைத்துப் பிடித்து வாசலுக்கு நடத்தினாள். திருநாராயணன் கொண்டுவந்த ஜட்காவிலேயே ஏற்றினாள். வண்டிக்கார மூக்கன் திரும்பிப் பார்த்தான்.

"சீரங்கமா?"

"பாலக்கரை."

மூக்கன் உள்ளே எட்டிக் கிழவியின் காலைப் பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் குதிரையைத் திருப்பினான். திருநாராயணன் வாசல்வரை வந்தார். தெருவில் ஆள் இருந்ததால் ஓடவில்லை.

அன்று மாலையே வேலைநீக்கம். காரணம் என்ன எழுதுவது என்று டாக்டர் சற்று யோசித்திருப்பார். உள்ளதை எழுதினால் கயிற்றையும் எழுத வேண்டும், கயிற்றை எழுதினால் கட்டின கையையும். பஞ்சாங்கம் சௌகரியமாக இருந்தது. ஷேக் தாவூதின் அலமாரியிலிருந்த அந்தப் புத்தகத்தை யாரும் விசாரிக்கவில்லை. திருநாராயணனும் அந்த வருஷ ஆண்டு விழாவில் வழக்கம்போல் பேசினார். கூட்டமும் வழக்கம்போல் மூக்கைச் சிந்தியது. போலீசில் புகார் இல்லை, ஊரில் விசாரணை இல்லை. ஒரு கிழவியின் உடம்பில் நடந்ததற்கு அந்த ஊரில் தண்டிக்கப்பட்ட ஒரே ஆள் அதைக் கழுவினவள்தான்.

பாலக்கரையில் குமுதவல்லி அம்மாள் வீட்டுக்குள் வரமாட்டேன் என்றாள். முற்றத்து வேப்பமரத்தடியில் கீற்று வேய்ந்து, புதுச்சட்டி புது அடுப்பு வைத்து, ஒற்றைக் கையால் தானே பொங்கித் தின்றாள். இருதயமேரியின் நிழல் அடுப்பில் விழுந்தால் கத்துவாள். குளிப்பாட்ட மட்டும் அவள்தான் வரவேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால் அதற்கும் கத்துவாள். இது என்ன நியாயம் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு இருதயமேரி, "கத்தறாங்கல்ல? பத்து நாளைக்கு முன்னாடி அந்தத் தெம்பு ஏது?" என்றாள்.

எட்டாம் நாள் விழுப்புரத்திலிருந்து பதில் வந்தது. மறுநாள் கனகவல்லியே வந்தாள்.

இருதயமேரி குமுதவல்லி அம்மாளை ஆஸ்பத்திரியில் பதிமூன்று நாளும் தன் வீட்டில் ஒன்பது நாளும் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நடக்க வைத்து, திருச்சி ஜங்ஷனில் விழுப்புரம் ரயிலில் ஏற்றிவிட்டாள்.