நெஞ்சுப் பக்கம் தைத்த சட்டை

நூல் நுனியை உதட்டில் நனைத்து, பார்க்காமலே ஊசிக்காதில் நுழைத்துவிடுவாள். கை வேலையில் இருக்கும், கண் பட்டாளச் சம்பள அலுவலகத்தின் கதவில் இருக்கும். அந்தக் கதவைக் காப்பது என் வேலை. போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் பாக்கிச் சம்பளத்துக்காக விடியுமுன்பே சுவரோரம் வரிசை கட்டிவிடுவார்கள். அந்த வரிசையில் இவள் பெயர் ஊசியக்கா.

கிழிசல் தைப்பதுதான் பிழைப்பு. பக்கத்தில் நிற்பவளின் துணியில் கிழிசலைக் கண்டால் கேட்காமலே இழுத்து வைத்துத் தைப்பாள். "ஆடாம நில்லுடி. உன்னையும் சேத்துத் தைச்சிடப் போறேன்." தைத்த இடத்தை விரலால் தடவினாலும் தெரியாது. என் தோள்பட்டைக் கிழிசலையும் விடவில்லை. "ஊரு கதவுக்கெல்லாம் காவல் நிக்கிறீங்க, உங்க சட்டைக்குக் காவல் இல்லையேண்ணே!"

நேற்று அவள் முறை. காலையில்தான் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் அவள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருந்தான். இரண்டு பெண்பிள்ளைகளும் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. வெறுங்கையோடு திரும்பினால் அதுகளுக்குத் தெருதான் வீடு.

இங்கே ஒரு வழக்கம். சாகும்போது சிப்பாய் போட்டிருந்த சட்டையைக் காட்டவேண்டும். குண்டு நெஞ்சில் பாய்ந்திருந்தால் சம்பளம். முதுகில் பாய்ந்திருந்தால் புறமுதுகு காட்டியவன், செல்லாக்காசும் கிடையாது.

குமாஸ்தா சட்டையை விரித்தார். புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எங்கம்மா ஓட்டை?"

"தைச்சிட்டேங்கய்யா."

"யாரு தைக்கச் சொன்னது?"

"கிழிஞ்சத அவரு போடமாட்டாருய்யா. சட்டை வந்து சேந்த அன்னிக்கே துவைச்சு, தைக்க உக்காந்துட்டேன். கை கேக்கல."

வரிசையில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மக, சம்பளத்தையும் சேத்துல்ல தைச்சுட்டா!" யாரும் சிரிக்கவில்லை.

"நல்ல சட்டையக் காட்டினா நான் என்னன்னு எழுதறது? எங்கயாவது ஓடிப்போயி காய்ச்சல்ல செத்திருப்பான்." குமாஸ்தா சட்டையைத் தள்ளிவிட்டார். "அடுத்த ஆளு!"

நகராதவர்களை நகர்த்துவதும் என் வேலைதான். கம்போடு பக்கத்தில் போனேன்.

"செத்த பொறுங்கண்ணே."

கொண்டையில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள். என் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவள் விரல் நேராகப் போய் நின்றது. ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கினாள், பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் அடுத்தது. அவள் வேலையிலேயே நேர்த்தியான வேலை அது, இழை இழையாக மேசையில் உதிர்ந்தது. அடுத்த ஆள் முன்னே வரவில்லை. குமாஸ்தாவும் கூப்பிடவில்லை. உள்ளே மடித்து மறைத்திருந்த துணி விரிந்தது. குண்டு சுட்ட விளிம்பு வட்டமாகக் கருகிக் கிடந்தது.

சட்டையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கையை விட்டு, இடது நெஞ்சின் ஓட்டை வழியாக விரலைக் குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.