முன்னால் நிற்கிறவன்

மெலித்தோன் கன்சாரி பலகையில் ஆளைத் தீட்டினால் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். தொப்பி, கம்பளி, கையில் மண்வெட்டி, காலில் டயர் செருப்பு எல்லாம் தீட்டி முடித்த பிறகும் முகம் வெறும் காவி வட்டமாகவே கிடக்கும். கோழியிறகின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்குவார். கரிமையில் தொட்டு, மூச்சை அடக்கி, இரண்டு புள்ளி. வைத்த கையோடு மக்காச்சோளக் கள்ளைக் கொஞ்சம் தரையில் தெளித்து, "வந்துட்டியா? குடி" என்பார். கண் வந்தால் ஆள் வந்தாயிற்று. வந்த ஆளுக்குத் தாகம் எடுக்காதா?

அயகூச்சோ மலைகளில் அவருடைய ஊரில் புதுசாகக் கல்யாணமானவர்கள் வீடு கட்டினால், கூரைக்கு அடியில் இரண்டாள் நீளப் பலகை ஒன்று ஏறும். இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவரவர் வேலையோடு அதில் நிற்பார்கள். கீழிருந்து கட்டம் கட்டமாக மேலே போய், உச்சியில் சூரியன். வீட்டைத் தாங்குவது அவர்கள்தான். மரம் சும்மா பேருக்கு. ஒருத்தர் விட்டுப்போனாலும் சண்டை வரும். செத்தவர்களை மட்டும் ஏற்றுவதில்லை. ஏற்றினால், போக வேண்டிய உயிர் போகாமல் கூரையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எமில்டாவின் வீட்டுக்குப் பலகை தீட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய மாமா செவேரோ தினமும் வந்து நின்றார்.

"என்னய்யா இது? என்னைவிடக் கழுதை லட்சணமா இருக்கு!"

"கழுதை அசையாம நின்னுச்சு. நீங்க நின்னீங்களா?"

அவர் போன பிறகு ஒருநாள் எமில்டாவின் அம்மா தொரிபியா வந்தாள். பலகையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"என் ருபினோவையும் போட்டுருங்கண்ணே."

இறகு கையிலேயே நின்றது.

அவள் மகன் ருபினோவைத் துப்பாக்கிக்காரர்கள் இழுத்துப்போய் ஐந்து வருஷம். இருக்கிறானா இல்லையா என்று ஊருக்குத் தெரியாது. மெலித்தோனுக்குத் தெரியும். காணாமல்போன ஆட்டைத் தேடி ஒரு விடியற்காலையில் பள்ளத்தில் இறங்கியவர் அவனைத்தான் பார்த்தார். பள்ளத்துப் பிணங்களை எவனும் தொடக்கூடாது, தொட்டால் அவனும் அங்கேதான் என்று துப்பாக்கிக்காரர்கள் உத்தரவு. அவர் கையாலும் கல்லாலும் தோண்டினார். போகிற வழிக்கு மெல்ல அவன் வாயில் மூன்று கோக்கா இலை வைத்தார். மண்ணைத் தள்ளி, கல்லைக் குவித்துவிட்டு ஏறி வந்தார். முதல் வருஷம் பயத்தில் சொல்லவில்லை. பயம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று சொல்லவில்லை. அவளோ ஒப்பாரி வைக்கவில்லை, கறுப்பு உடுத்தவில்லை. மகன் வருவானென்று காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அவனைப் போட்டால் பையனின் உயிர் கூரையில் தொங்கும். போடாவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும்.

"எங்க போடட்டும் தாயி? வயல்லயா, ஆட்டோடயா?"

"முன்னால போடுங்க."

அவர்கள் பேச்சில் கண்ணுக்கு எதிரே நிற்பதும் முன், நடந்து போனதும் முன். போனதைத்தான் பார்க்க முடிகிறது, அதனால் அது எதிரே நிற்கிறது. வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, யாருக்குத் தெரியும். இவள் எந்த முன்னைச் சொல்கிறாள், எதிரே நிற்கிறதையா, போனதையா? மெலித்தோன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பலகையில் சிந்திக் காய்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"முன்னாலன்னா..."

"முன்னாலன்னா முன்னாலதான். இன்னைக்குத்தான் பேச்சு புரியாமப் போச்சா?"

"தாயி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் ஒரு விறகு முறிந்து விழுந்தது.

"காவி பத்தாது. ரெண்டு நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள். உடனே எழுந்திருக்கவில்லை.

ருபினோவை அடிக் கட்டத்தில், எல்லோருக்கும் முன்னால், தனியாக நிறுத்தினார். மண்வெட்டி கொடுத்தார், செருப்பு கொடுத்தார். கண் வைக்கவில்லை.

பலகையைத் தூக்கிக்கொண்டு புல்லாங்குழலும் மேளமுமாக ஊரே வந்தது. வாசலில் இறக்கியதும் செவேரோ கத்தினார்.

"ஏய் மெலித்தோன், பையனுக்குக் கண்ணை மறந்துட்டியே! கள்ளு பலகைக்கா உனக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெலித்தோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டும்" என்றாள் தொரிபியா. "ஏத்துங்க."

அதற்கப்புறம் மூன்றாவது குளிர்காலத்தில் மெலித்தோன் நெஞ்சுச் சளியில் படுத்தார். சாகப்போகிறவரின் உயிர் நடந்த தடத்தையெல்லாம் பொறுக்கப் போகும் என்பார்கள். அந்த வாரம் நாய்கள் பள்ளத்துப் பக்கம் பார்த்தே குரைத்தன. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். தொரிபியாதான் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டினாள். இரண்டு தடவை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு தடவையும் அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். இரண்டு தடவையும் தண்ணீர்தான் கேட்டார்.

வெகுகாலம் கழித்து, நகரத்திலிருந்து ஆட்கள் வந்து பள்ளத்தைத் தோண்டி ருபினோவை எடுத்தார்கள். அப்போது தொரிபியாவும் இல்லை. எமில்டாதான் சொன்னாள்: அவன் போன இரண்டாம் வருஷமே அம்மாவுக்குத் தெரியும். மெலித்தோன் கல் குவித்ததை மேலே ஆடு மேய்த்த ஒருத்தி பார்த்திருக்கிறாள். வருஷா வருஷம் இறந்தவர் நாளன்று அம்மா யாருக்கும் தெரியாமல் அங்கே போய் வறுத்த சோளம் வைத்துவிட்டு வருவாளாம்.

"நீயே அவர்கிட்ட கேட்டிருக்கலாமேம்மான்னேன். 'அவரு வாயால வரட்டும்னு இருந்தேன்டி, வந்திருந்தா கால்ல விழுந்திருப்பேன்'னு சொல்லிச்சு."