செத்த மீனும் கணக்கில் வளரும்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சதவீதம்'. மழை வருமா என்று கேட்டால் அறுபது சதவீதம் என்பார். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் எழுபத்தைந்து என்பார். மீன்வளர்ப்புப் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவர் வேறெப்படிப் பேசுவார்?

பிரிவுக்கு வேலை ஒன்றுதான். நாட்டில் குளங்களில் வளர்க்கும் மீன் வருடத்துக்கு எத்தனை டன் என்று கணக்கிட்டு அனுப்ப வேண்டும். வெளியே எங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் வளரும் நாடுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, எந்த நாட்டில் விளைச்சல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பட்டியல் போடுவார்கள். பள்ளிக்கூடத்து ராங்க் மாதிரிதான். அதில் ஓரிடம் முன்னேறினால் இயக்குநருக்குத் தலைகால் புரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சதவீதம் நிஜமாகவே மீனை எடை போட்டவர். ஜீப்பில் தராசோடு போய், வலை இழுக்கும்போது கரையில் நின்று, முழங்கால் வரை சேறாகித் திரும்புவார். ஒரு வருடம் ஜீப் படுத்துக்கொண்டது. அறிக்கைக்குக் கெடுவோ நெருங்கிவிட்டது. அப்போது அவர் மூளையில் உதித்த வழி இது: அரசுப் பண்ணையிலிருந்து மக்கள் வாங்கிப்போன மீன்குஞ்சு எத்தனை என்று பார், நூற்றுக்கு எண்பது பிழைக்கும் என்று வை, ஒன்று ஒரு கிலோ என்று பெருக்கு. விளைச்சல் வந்துவிட்டது. குளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் செய்தார். ஜீப்பை அப்புறம் யாரும் பழுதுபார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாக நாடே அவர் பெருக்கலில்தான் மீன் வளர்த்தது. பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கொடுத்தார்கள். மனிதர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அவருடைய தங்கையும் அவள் புருஷனும் அரசுக் குளம் இரண்டைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார்கள். போன வருடம் மீன்களுக்கு உடம்பெல்லாம் புண் கண்டது. ஒருநாள் விடிந்து பார்த்தால் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. சதவீதம் லீவு போட்டுப் போய், மாப்பிள்ளையோடு சேர்ந்து குழி வெட்டினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடை கூடையாகப் புதைத்தார்கள். பிறகு குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு தூவி, மறுபடி குஞ்சு வாங்கி விட்டார்கள். அதுவும் செத்தது. வட்டாரம் முழுவதும், நாட்டில் பல இடங்களிலும் இதே கதைதான்.

குத்தகையைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. விளைச்சல் இல்லாதவர்களுக்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் மீன் செத்தது உண்மை என்று புள்ளிவிவரப் பிரிவு எழுதித் தர வேண்டும். தராவிட்டால் குளம் வேறொருவர் கைக்குப் போய்விடும். தங்கை மனு கொடுத்தாள். அண்ணன் ஆபீஸ்தானே என்று நிம்மதியாகவும் இருந்தாள்.

மனு மேஜைக்கு வந்தபோதுதான் சதவீதத்துக்கு உறைத்தது. மீன் செத்ததால் எல்லோரும் இரண்டாம் தடவை குஞ்சு வாங்கியிருந்தார்கள். குஞ்சு இரண்டு மடங்கு, ஆகவே விளைச்சலும் இரண்டு மடங்கு. மீன் சாகச் சாக நாடு வளர்ந்திருந்தது. பட்டியலில் ஏழாவதாக இருந்தது அந்த வருடம் இரண்டாவதாக ஏறியிருந்தது. புதைத்த கையின் நாற்றம் போவதற்குள் அதே கையால் பெருக்கி அனுப்பியிருக்கிறார், ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாவிட்டால் தொலையட்டும், இந்தச் சுரைக்காய் தங்கை வீட்டு அடுப்பையே அணைக்க வந்திருந்தது.

முதலில் அவர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். மீன் செத்தது உண்மை, நம் கணக்குத்தான் தப்பு என்று குறிப்பு எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாடு இரண்டாம் இடத்துக்கு வந்த ரகசியத்தைச் சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். குறிப்பைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"இந்த வருஷம் தப்புன்னா பத்தொன்பது வருஷமும் தப்புன்னு ஆயிடும். அது யாரோட முறைன்னு கேப்பாங்க. நீங்க ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம் இருக்கு?"

"எட்டு மாசம், சார்."

"யோசிச்சு எழுதுங்க."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது? இடத்துக்கு வந்து குறிப்பைக் கிழித்தார். 'பதிவேடுகளின்படி வட்டாரத்தில் உற்பத்தி உயர்ந்துள்ளது. இழப்பு ஏதும் இல்லை' என்று எழுதி, பிரிவின் முத்திரையைக் குத்தினார். கை நடுங்கவில்லை என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்கிறார். நடுங்கியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

குளம் கைமாறிய வாரத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை யாருடைய குளத்திலோ வலை இழுக்கக் கூலிக்குப் போயிருந்தார். தங்கை அந்தக் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதை எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமாண்ணா?"

அவர் கடிதத்தை வாங்கிப் புதிதாகப் படிப்பவர் போல மேலிருந்து கீழே வரை படித்தார்.

"புதுசா வந்த ஆளு," என்றார். "எனக்கு அவ்வளவா பழக்கமில்ல."

"அதானே. உனக்குத் தெரிஞ்சிருந்தா இப்படி எழுத விட்டிருப்பியா?"

அண்ணன் முகம் செத்துப்போயிருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. நீ என்ன பண்ணுவே, மனசைப் போட்டு உழப்பிக்காதே என்று தேற்றினாள். தட்டு வைத்து, இருந்ததைப் பரிமாறினாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.